மேண்டலின்ல ஒரு பாட்டை எந்த கட்டைக்கும் மாத்தி வாசிக்கறது எப்படி: முழு வழிகாட்டி

ஒரு பாட்டை டி ஸ்கேல்ல அழகா வாசிச்சு பழகி வெச்சிருப்பீங்க, பாட வர்றவங்க வந்து நின்னு "எனக்கு அஞ்சரை கட்டை தான் செட் ஆகும்"னு சொல்லுவாங்க. கீபோர்டு வாசிக்கறவர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிட்டு ரெடி ஆயிடுவார், கிட்டார்காரர் கேப்போவை, அதாவது கழுத்துல எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே ஃப்ரெட்ல அழுத்தற க்ளிப்பை, எடுத்து மாட்டிடுவார், அப்புறம் எல்லாரும் மேண்டலின் பக்கம் திரும்பிப் பார்ப்பாங்க. நம்ம கையில பட்டனும் இல்ல, மேண்டலின்ல கேப்போ போடற வழக்கமும் ரொம்ப கம்மி.

ஆனா ஃப்ரெட் வெச்ச வாத்தியங்கள்ல ஸ்கேல் மாத்தறதுக்கு மேண்டலின் அளவுக்கு வசதியானது எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. காரணம் அதோட ட்யூனிங். தடிமனான ஸ்ட்ரிங்ல ஆரம்பிச்சு ஜி, டி, ஏ, ஈ, நாலும் ஜோடி ஜோடியா மொத்தம் எட்டு கம்பி, ஒவ்வொரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவுல சரியா 7 ஃப்ரெட் தூரம், அதாவது ஸ-வுக்கும் ப-வுக்கும் இருக்கற தூரம். இந்த தூரம் எங்கயும் மாறாது. கிட்டார்ல ஜி ஸ்ட்ரிங்குக்கும் பி ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல மட்டும் தூரம் குறையும், அதனால ஒரு ஷேப்பை, அதாவது விரல் வெக்கற அமைப்பை, பக்கத்து ஸ்ட்ரிங்குக்கு தள்ளினா அங்க உடைஞ்சு போயிடும். மேண்டலின்ல உடையவே உடையாது. இந்த ஒரு விஷயத்தை கை நம்ப ஆரம்பிச்சுட்டா ஸ்கேல் மாத்தறதுன்னா பாட்டை புதுசா கத்துக்கறது இல்ல, கையை வேற இடத்துல வெக்கறது, அவ்ளோதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ட்யூனிங் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க, ஜி ஸ்ட்ரிங்கோட 7ஆம் ஃப்ரெட்டும் ஓப்பன் டி-யும் (ஓப்பன்னா விரல் வெக்காம அடிக்கறது) ஒண்ணா கேக்கணும், அதே மாதிரி டி-யோட 7ஆம் ஃப்ரெட்டும் ஓப்பன் ஏ-யும், ஏ-யோட 7ம் ஓப்பன் ஈ-யும். ஓப்பன் ஸ்ட்ரிங் எல்லாம் ட்யூனர்ல சரியா இருந்தும் இது பொருந்தலன்னா பிரிட்ஜ் நகர்ந்திருக்கும். நிறைய மேண்டலின்ல பிரிட்ஜ் ஒட்டாம ஸ்ட்ரிங்கோட அழுத்தத்துல தான் நிக்குது, அதை சரி பண்ணாம கீழ சொல்றது எதுவும் சுருதி சேராது.

படி 1: கட்டையை ஃப்ரெட்டா மாத்திக்கோங்க

பாடறவங்க ஸ்கேலை கட்டைல சொல்லுவாங்க, கார்ட் சார்ட்ல எழுத்துல இருக்கும், ரெண்டும் ஒண்ணு தான். ஹார்மோனியத்துல வெள்ளைக் கட்டையை எண்ணினா 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவுல இருக்கற கறுப்புக் கட்டை எல்லாம் அரை: 1½ சி ஷார்ப், 2½ ஈ ஃப்ளாட், 4½ எஃப் ஷார்ப், 5½ ஜி ஷார்ப், 6½ பி ஃப்ளாட். 3½ கிடையாது, 7½ கிடையாது. இங்க தான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. 2 கட்டைலேர்ந்து 3 கட்டைக்கு ரெண்டு ஃப்ரெட், ஆனா 3லேர்ந்து 4க்கு ஒரே ஃப்ரெட் தான், 7லேர்ந்து மேல 1க்கும் ஒரே ஃப்ரெட் தான். அதனால 3 கட்டை பாட்டை 5 கட்டைக்கு ஏத்தணும்னா நாலு ஃப்ரெட் இல்ல, மூணு. கட்டையை நம்பரா கழிச்சு ரெண்டால பெருக்காதீங்க, ஃப்ரெட்டை எண்ணுங்க.

எண்ணறதுக்கு ஜி ஸ்ட்ரிங் ஒண்ணே போதும். ஓப்பன் 5 கட்டை, 1ஆம் ஃப்ரெட் 5½, 2ல 6, 3ல 6½, 4ல 7, 5ல 1, 6ல 1½, 7ல 2. டி ஸ்ட்ரிங்ல ஓப்பன் 2, அப்புறம் 2½, 3, 4, 4½, 5, 5½, 7ஆம் ஃப்ரெட்ல 6. இந்த ரெண்டு வரிசையையும் ராகம் போட்டு மனப்பாடம் பண்ணிடுங்க. யாரு என்ன கட்டை சொன்னாலும் விரல் தானா அந்த ஸ-வுல போய் உக்காரணும், அதுக்கப்புறம் தான் மத்த எல்லாம்.

படி 2: பாட்டோட அடி எது, உச்சி எதுன்னு பாருங்க

பாடறவங்ககிட்ட "உங்க கட்டை என்ன"ன்னு கேட்டா பாதி பேருக்கு தெரியாது, தெரிஞ்சவங்க சொல்றதும் அவங்க வழக்கமா பாடற கட்டை, இந்தப் பாட்டுக்கு சரி வர்ற கட்டையா இருக்கணும்னு இல்ல. கர்நாடக சங்கீதத்துல ஆண்கள் பொதுவா 1 கட்டை பக்கமும் பெண்கள் 5, 5½ பக்கமும் பாடுவாங்க, அது ஒரு ஆரம்பப் புள்ளி. மெல்லிசைக்கும் கீர்த்தனைக்கும் நல்ல வழி, சரணத்துல ரொம்ப மேல போற வரியை பாடச் சொல்லுங்க, பல்லவில ரொம்ப கீழ வர்ற வரியையும் பாடச் சொல்லுங்க. மேல் வரில குரல் இறுகினா அரை அரையா இறக்கிப் பாருங்க, கீழ் வரில சத்தமே வராம காத்தா போச்சுன்னா ஏத்துங்க. பல்லவியை மட்டும் பாடிப் பாத்து ஸ்கேல் முடிவு பண்றது தான் நடுவுல மாட்டிக்கறதுக்கு முதல் காரணம்.

அதே கேள்வியை மேண்டலினையும் கேக்கணும். ஓப்பன் ஜி-க்கு கீழ நமக்கு எதுவும் இல்ல. மேல ஈ ஸ்ட்ரிங் 7ஆம் ஃப்ரெட் வரைக்கும் கை நகராம போகலாம், அது பி. ஜி-லேர்ந்து அந்த பி வரை எண்ணினா 28 ஃப்ரெட் தூரம். இப்போ ஒரு பாட்டு கீழ் ப-லேர்ந்து மேல் க வரை போகுதுன்னு வெச்சுக்கோங்க, அது ஸ-வுக்கு கீழ 5, மேல 16, மொத்தம் 21. அப்போ ஸ-வை ஜி ஸ்ட்ரிங் 5ஆம் ஃப்ரெட்டுக்கு கீழ வெக்க முடியாது, டி ஸ்ட்ரிங் 5ஆம் ஃப்ரெட்டுக்கு மேல வெச்சா உச்சிக்கு கை நகரணும். அதாவது 1 கட்டைலேர்ந்து 5 கட்டை வரைக்கும் இந்தப் பாட்டு கையை நகத்தாம வாசிக்கலாம். 6 கட்டை கேட்டாங்கன்னா கீழ இருக்கற ஏ-வை ஸ-வா வெச்சா கீழ் ப கிடைக்காது, ஏ ஸ்ட்ரிங் ஓப்பனை ஸ-வா வெச்சு உச்சில ஈ ஸ்ட்ரிங் 9ஆம் ஃப்ரெட் வரைக்கும் போகணும். இந்தக் கணக்கை மேடைல போட முடியாது, வீட்டுலயே ஒவ்வொரு பாட்டுக்கும் "கீழ் ப, மேல் க"ன்னு மேல் ஓரத்துல எழுதி வெச்சுடுங்க.

படி 3: ஃப்ரெட் நம்பரை விட்டுட்டு ஸ்வரமா எழுதுங்க

டேப்ல, அதாவது ஃப்ரெட் நம்பரா எழுதற முறைல, 0-2-4-5ன்னு படிச்ச பாட்டு அந்த ஒரு ஸ்கேல்ல மட்டும் தான் உயிரோட இருக்கும். அதே பாட்டை ஸ ரி க ம-வா எழுதினீங்கன்னா எழுதின நிமிஷமே அது பன்னெண்டு ஸ்கேலுக்கும் எழுதியாச்சு, ஏன்னா ஸ எங்க இருக்கோ அதைப் பொறுத்து தானே மத்த எல்லாம். வெஸ்டர்ன் நோட்ஸ் படிச்சவங்க ஒவ்வொரு எழுத்தையும் மாத்தி மாத்தி எழுதி ஷார்ப், ஃப்ளாட் எல்லாம் போட்டு கஷ்டப்படற இடத்துல, ஸ்வரம் பாடிப் பழகினவங்களுக்கு அந்த வேலையே இல்ல.

மேஜர் ஸ்கேல்னா நம்ம சங்கராபரணம். ஸ-லேர்ந்து தூரம்: ரி 2, க 4, ம 5, ப 7, த 9, நி 11, மேல் ஸ 12. மைனர் பாட்டா இருந்தா நடபைரவி: ரி 2, க 3, ம 5, ப 7, த 8, நி 10. வேற ராகத்துல இருந்தா அந்த ராகத்தோட தூரத்தைப் போட்டுக்கோங்க, முறை மாறாது. பாட்டு மைனரா இருக்கும்போது அதோட சொந்த மேஜரை ஸ-ன்னு எடுத்து எழுதறவங்களும் இருக்காங்க, நான் அதை சிபாரிசு பண்ண மாட்டேன், பாட்டு எங்க வந்து அமருதோ அது தான் ஸ, காதுக்கும் அதான் நியாயம்.

படி 4: நகர்றதுக்கு ரெண்டே வழி

ஒண்ணு, கழுத்து வழியா. எல்லாத்தையும் ஒரு ஃப்ரெட் தள்ளினா அரை கட்டை ஏறும், பின்னால வந்தா இறங்கும்.

ரெண்டு, குறுக்கால. அதே ஃப்ரெட், அதே விரல், அடுத்த மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு தாண்டினா 7 ஃப்ரெட் தூரம் ஏறும். அப்படி தாண்டும்போது ஜி ஸ்கேல் டி ஆகும், டி ஏ ஆகும், சி ஜி ஆகும். ஜி ஸ்கேலைப் பாருங்க: ஜி ஸ்ட்ரிங்ல 0 2 4 5, டி ஸ்ட்ரிங்ல 0 2 4 5. டி ஸ்கேல்: டி ஸ்ட்ரிங்ல 0 2 4 5, ஏ-ல 0 2 4 5. ஏ ஸ்கேல்: ஏ-லயும் ஈ-லயும் அதே 0 2 4 5. மூணு ஸ்கேல், ஒரே கை.

எந்த ஸ்கேல் மாத்தறதா இருந்தாலும் இந்த ரெண்டையும் கலந்தா வந்துடும். 8 ஏத்தணுமா, ஒரு ஸ்ட்ரிங் தாண்டி ஒரு ஃப்ரெட் மேல. 5 ஏத்தணுமா, ஒரு ஸ்ட்ரிங் தாண்டி ரெண்டு ஃப்ரெட் பின்னால. 5 இறக்கணுமா, ஒரு ஸ்ட்ரிங் தடிமன் பக்கம் வந்து ரெண்டு ஃப்ரெட் மேல. ரெண்டு ஸ்ட்ரிங் தாண்டினா 14, அதாவது ஒரு முழு ஸ்தாயி ஏறி கூடவே ஒரு முழு கட்டை, ரெண்டாவது சரணத்தை மேல் ஸ்தாயில வாசிக்கணும்னா அங்கேர்ந்து ரெண்டு ஃப்ரெட் பின்னால வந்தா போதும், அதே ஸ்கேல் மேல் ஸ்தாயில கிடைச்சுடும்.

ஆண் பாடின 1 கட்டை பாட்டை பெண் 5 கட்டைல பாடறாங்கன்னா நடுவுல இருக்கற தூரம் சரியா 7, அதாவது சரியா ஒரு ஸ்ட்ரிங். நம்ம பக்கம் டூயட்டோ குடும்பமா பாடறதோ நடக்கும்போது இது எவ்ளோ உதவும்னு ரெண்டு தடவை செஞ்சு பாத்தாலே புரிஞ்சுடும்.

படி 5: ஓப்பன் ஸ்ட்ரிங்கை விட்டு வெளிய வாங்க

இது தான் உண்மையான வேலை, இங்க அவசரப்படாதீங்க. மேல சொன்ன 0 2 4 5 ஓப்பன் ஸ்ட்ரிங்கை நம்பி இருக்கு, அதை ஒரு ஃப்ரெட் தள்ளணும்னா 0-வுக்கு பதிலா ஒரு விரல் வேணும். அதுக்கு ரெண்டு கை ஷேப் தெரிஞ்சா மேஜர் பாட்டு எல்லாத்தையும் சமாளிச்சுடலாம்.

முதல் ஷேப், ஸ ஆள்காட்டி விரல்ல. ஸ இருக்கற ஸ்ட்ரிங்ல ஸ ஆள்காட்டி, ரி நடு விரல், க மோதிர விரல், ம சுண்டு விரல். அடுத்த ஸ்ட்ரிங்ல அதே ஃப்ரெட், அதே விரல் வரிசைல ப த நி ஸ. ஜி ஷார்ப் ஸ்கேல் எடுத்துக்கிட்டா ஜி ஸ்ட்ரிங்ல 1 3 5 6, டி ஸ்ட்ரிங்ல 1 3 5 6. 5½ கட்டைன்னு சொன்னதும் பயப்படற ஸ்கேல் இதுதான், பாருங்க எவ்ளோ ஒழுங்கா கைக்குள்ள உக்காருதுன்னு.

ரெண்டாவது ஷேப், ஸ சுண்டு விரல்ல. ஸ ஒரு ஸ்ட்ரிங்ல சுண்டு விரல், அடுத்த ஸ்ட்ரிங்ல அஞ்சு ஃப்ரெட் பின்னால ஆள்காட்டில ரி, நடு விரல்ல க, மோதிர விரல்ல ம, சுண்டு விரல்ல ப, அதுக்கு அடுத்த ஸ்ட்ரிங்ல ஆள்காட்டி த, நடு விரல் நி, மோதிர விரல் மேல் ஸ. அதே ஜி ஷார்ப்பை இப்படி வாசிச்சா டி ஸ்ட்ரிங் 6 ஸ, ஏ ஸ்ட்ரிங்ல 1 3 4 6, ஈ ஸ்ட்ரிங்ல 1 3 4.

ரெண்டுல எது எப்போ? பாட்டு ஸ-வுக்கு கீழ இறங்காம மேலயே சுத்திக்கிட்டு இருந்தா ஆள்காட்டி ஷேப். ஸ-வுக்கு கீழ நி, த, ப எல்லாம் வர்ற பாட்டா இருந்தா சுண்டு விரல் ஷேப், ஏன்னா கை ஏற்கனவே ஸ-வுக்கு கீழ தான் உக்காந்திருக்கு. ஜி ஷார்ப்ல டி ஸ்ட்ரிங் 6 ஸ-ன்னா அதே ஸ்ட்ரிங்ல 5 நி, 3 த, 1 ப, அப்படியே ஜி ஸ்ட்ரிங்குக்கு இறங்கினா 6 ம, 5 க. கை நகரவே இல்ல. பாட்டோட ஓரத்துல கீழ் ஸ்வரத்தை எழுதி வெக்கச் சொன்னது இதுக்காகவும் தான்.

சுண்டு விரல் வலிக்குதுன்னு அதை விட்டுட்டு மோதிர விரலை இழுத்து வாசிக்கறவங்க நிறைய பேர். மேண்டலினோட ஸ்கேல் நீளம் சுமார் 35 செமீ தான், ஃப்ரெட் எல்லாம் நெருக்கமா இருக்கும், ஒவ்வொரு விரலும் ரெண்டு ஃப்ரெட்டை பாத்துக்கலாம், அதனால சுண்டு விரலை பழக்கினா கண்டிப்பா எட்டும். தினமும் கொஞ்ச நேரம் ஆள்காட்டி ஷேப்பை 1ஆம் ஃப்ரெட்ல ஆரம்பிச்சு 5 வரைக்கும் ஒவ்வொரு ஃப்ரெட்டா ஏத்தி இறக்குங்க, அதுக்கு மேல வேற மந்திரம் இல்ல.

படி 6: ஒரு வரியை முழுசா மாத்திப் பாக்கலாம்

நானே ஒரு சின்ன வரி போடறேன்: ஸ ரி க ப, த ப ம க, ரி ஸ நி ஸ. கடைசில வர்ற நி கீழ் நி.

1 கட்டைல, அதாவது சி-ல: ஜி ஸ்ட்ரிங் 5, டி 0, டி 2, டி 5. ஏ 0, டி 5, டி 3, டி 2. டி 0, ஜி 5, ஜி 4, ஜி 5.

இப்போ 5½ கட்டை வேணும். சி-லேர்ந்து ஜி ஷார்ப்புக்கு மேல எண்ணினா 8, ஒரு ஸ்ட்ரிங் தாண்டி ஒரு ஃப்ரெட் மேல: டி 6, ஏ 1, ஏ 3, ஏ 6. ஈ 1, ஏ 6, ஏ 4, ஏ 3. ஏ 1, டி 6, டி 5, டி 6. சுண்டு விரல் ஷேப் அப்படியே. சி-ல ஓப்பனா இருந்ததெல்லாம் இங்க ஆள்காட்டி விரல் ஆயிடுச்சு, அது ஒண்ணு தான் வித்தியாசம்.

2 கட்டைக்கு வேணும்னா ரெண்டு வழி இருக்கு. சி-ல வாசிச்சதை ரெண்டு ஃப்ரெட் தள்ளி ஜி 7, டி 2, டி 4, டி 7, ஏ 2, டி 7, டி 5, டி 4, டி 2, ஜி 7, ஜி 6, ஜி 7. இல்ல ஓப்பன் டி-யை ஸ-வா வெச்சு டி 0, டி 2, டி 4, ஏ 0, ஏ 2, ஏ 0, டி 5, டி 4, டி 2, டி 0, ஜி 6, டி 0. ரெண்டும் ஒரே சத்தம், ஆனா முதல் வழில ட்ரெமலோ (ஒரே நோட்டை வேகமா மேலும் கீழும் அடிக்கறது) அடிச்சா மெத்துனு இருக்கும், ரெண்டாவது வழில ஓப்பன் ஸ்ட்ரிங் கணீர்னு கேக்கும். மெலடிக்கு முதல் வழி, வேகமான இன்டர்லூடுக்கு ரெண்டாவது, என் காதுக்கு அப்படித்தான் தோணுது.

இந்த வரியை வாயால ஸ்வரம் பாடிக்கிட்டே வாசிங்க, நம்பர் சொல்லாதீங்க. 1, 2, 5, 5½, எல்லாத்துலயும் வாய் ஒரே ஸ்வரத்தை தான் சொல்லும், கை மட்டும் இடம் மாறும். வாய்க்கும் கைக்கும் நடுவுல அந்த இணைப்பு வந்துட்டா பேப்பரே தேவைப்படாது.

படி 7: கார்ட்ஸும் ஸ்வரத்துல தான்

அமெரிக்கால நாஷ்வில் ஸ்டூடியோக்கள்ல கார்டை எழுத்துல எழுதாம நம்பர்ல எழுதுவாங்க, 1950கள் கடைசில ஜோர்டனேர்ஸ் பாட்டுக்குழுவுல இருந்த நீல் மேத்யூஸ் ஆரம்பிச்ச முறை. பாடகர் கடைசி நிமிஷத்துல கீ மாத்தினாலும் சார்ட் மாத்த வேணாம்னு தான். நமக்கு நம்பருக்கு பதிலா ஸ்வரம் இருக்கு. ஸ கார்ட், ம கார்ட், ப கார்ட் மேஜர், ரி, க, த கார்ட் மைனர். ஒரு பாட்டு ஸ, த மைனர், ம, ப-ன்னு போகுதுன்னா சி-ல அது சி, ஏ மைனர், எஃப், ஜி. டி-ல டி, பி மைனர், ஜி, ஏ. ஜி-ல ஜி, ஈ மைனர், சி, டி. பி ஃப்ளாட்ல பி ஃப்ளாட், ஜி மைனர், ஈ ஃப்ளாட், எஃப். பாட்டு வரிக்கு மேல ஸ்வரத்துல எழுதி வெச்சா ஒரே பேப்பர் எல்லா கட்டைக்கும் ஓடும்.

கைல எப்படி நகத்தறது? ஓப்பன் கார்ட் எல்லாம் அழகா இருக்கும் ஆனா நகராது. நகர்ற கார்ட் வேணும்னா ப்ளூகிராஸ்ங்கற அமெரிக்க நாட்டுப்புற பாணி இசைல வாசிக்கற சாப் கார்ட் ஷேப்பைக் கத்துக்கோங்க. தடிமனான ஸ்ட்ரிங்லேர்ந்து எழுதறேன். ஜி மேஜர் 7-5-2-3. இதை ரெண்டு ஃப்ரெட் ஏத்தினா ஏ மேஜர் 9-7-4-5, மூணு ஏத்தினா பி ஃப்ளாட் 10-8-5-6. அதே 5-2-3-யை ஒரு ஸ்ட்ரிங் தடிமன் பக்கம் தள்ளுங்க, ஜி ஸ்ட்ரிங்ல 5, டி-ல 2, ஏ-ல 3, ஈ-யை விட்டுடுங்க, அது சி மேஜர். அதை ரெண்டு ஃப்ரெட் ஏத்தினா 7-4-5, டி மேஜர். ஜி ஸ்கேலோட ஸ, ம, ப மூணு கார்டும் பக்கத்து பக்கத்துல கிடைச்சாச்சு. ஏ ஸ்கேல் வேணுமா, மூணையும் ரெண்டு ஃப்ரெட் தள்ளுங்க: 9-7-4-5, 7-4-5, 9-6-7. மைனருக்கு அந்த மூணு ஸ்ட்ரிங் ஷேப்ல டி ஸ்ட்ரிங் விரலை மட்டும் ஒரு ஃப்ரெட் இறக்கணும், ஏன்னா அங்க தான் கார்டோட க இருக்கு. சி 5-2-3-ன்னா சி மைனர் 5-1-3, டி மைனர் 7-3-5, ஈ மைனர் 9-5-7.

7-5-2-3 ஆரம்பத்துல கையை நல்லா விரிக்கும், கழுத்துல கீழ இருக்கற இடத்துல தான் அதிகமா விரியணும். மேல 9ஆம் ஃப்ரெட் பக்கம் ஏ மேஜர்ல பழகிட்டு அப்புறம் ஜி-க்கு இறங்குங்க, சுலபமா வரும். இந்த கார்டோட சத்தத்தை விரலை லேசா தூக்கி டக்னு நிறுத்தலாம், ரிதம் பிடிக்கறதுக்கே இது தான் வழி. ப்ளூகிராஸோட தந்தைன்னு சொல்ற பில் மன்றோ (1911–1996) உயர்ந்த குரல்காரர், பி, பி ஃப்ளாட் மாதிரி ஸ்கேல்ல எல்லாம் பாடி மேண்டலினும் வாசிச்சார். ஓப்பன் ஸ்ட்ரிங் உதவாத அந்த ஸ்கேல்ல மூடின ஷேப், அதாவது எல்லா நோட்டையும் விரலால அழுத்தற ஷேப், தான் ஆதாரம்.

படி 8: கூட வாசிக்கறவங்க சொல்றது ஷேப்பா, சத்தமா?

இதை கேக்காம ஆரம்பிச்சா எவ்ளோ சரியா மாத்தி வெச்சிருந்தாலும் மோதும். கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பட்டன் +2ல இருக்கும், அவர் ஜி பிடிச்சுக்கிட்டு "ஜி தான்"னு சொல்லுவார், வெளில கேக்கறது ஏ. கிட்டார்ல கேப்போ 2ஆம் ஃப்ரெட்ல இருந்தாலும் அதே கதை, ஜி ஷேப், ஏ சத்தம். பொய் சொல்லல, அவங்க கை அப்படித்தான் பாக்குது. அதனால எழுத்தைக் கேட்டு நம்பாம "ஸ மட்டும் ஒரு தடவை அடிங்க"ன்னு சொல்லி ஜி ஸ்ட்ரிங்லயோ டி ஸ்ட்ரிங்லயோ அந்த சத்தத்தைத் தேடிப் பிடிங்க. பத்து செகண்ட் வேலை. சர்ச் குவயர்லயும் லைட் மியூசிக் ரிகர்சல்லயும் வர்ற குழப்பத்துல பெரும்பங்கு இந்த பத்து செகண்டுல தீர்ந்துடும்.

ஓப்பன் ஸ்ட்ரிங் போனதுக்கு அப்புறம்

டி, ஜி, ஏ-ல வாசிச்ச பாட்டை ஈ ஃப்ளாட்டுக்கோ ஜி ஷார்ப்புக்கோ கொண்டு போனா ஸ்வரம் எல்லாம் சரியா இருந்தும் பாட்டு கொஞ்சம் வறண்டு கேக்கும். ஓப்பன் ஸ்ட்ரிங் தானா ஒலிச்சு கொடுத்த நிறைவு போயிடுச்சு, அதுவும் மேண்டலின்ல மூடின நோட்டு சீக்கிரம் அடங்கிடும். ரெண்டு வழில ஈடு கட்டலாம். நீளமான நோட்டுல எல்லாம் ட்ரெமலோ, அதுவும் விரலை ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தி. இன்னொண்ணு, ரெண்டு ஸ்ட்ரிங்கை சேத்து அடிக்கறது: கீழ் ஸ்ட்ரிங்ல க, மேல் ஸ்ட்ரிங்ல ஒரு ஃப்ரெட் தள்ளி ஸ. சி-ல இது டி 2, ஏ 3. இல்லன்னா கீழ் ஸ்ட்ரிங்ல ப, மேல் ஸ்ட்ரிங்ல ரெண்டு ஃப்ரெட் தள்ளி க, சி-ல டி 5, ஏ 7. இந்த ரெண்டு ஜோடியும் எந்த ஸ்கேலுக்கும் நகரும். இன்னொரு கவனம், ஈ ஃப்ளாட் மாதிரி ஸ்கேல்ல தெரியாம பிக் பட்டு ஓப்பன் ஏ-யோ ஈ-யோ ஒலிச்சா அபஸ்வரமா துருத்திக்கிட்டு நிக்கும், வாசிக்காத ஸ்ட்ரிங்கை இடது கை விரலோட சதையால லேசா தொட்டு அடக்கி வெச்சுக்கோங்க.

கேப்போ போடலாமா? போடலாம், தப்பு ஒண்ணும் இல்ல, மேண்டலினுக்குன்னு சின்ன கேப்போ கிடைக்குது. 1ஆம் ஃப்ரெட்ல போட்டு டி ஷேப் வாசிச்சா ஈ ஃப்ளாட், ஓப்பன் ஸ்ட்ரிங் ஒலி திரும்ப கிடைக்கும். ஜோடி கம்பியை சமமா அழுத்தாம சுருதி ஏறிப் போற வாய்ப்பு இருக்கு, போட்டதும் ட்யூன் பாருங்க. மேல ஏத்தி ட்யூன் பண்றது வேண்டாம், ஈ ஸ்ட்ரிங் 0.010, 0.011 இன்ச் தடிமன் தான், பட்டுனு அறுந்துடும். அரை கட்டை இறக்கி ட்யூன் பண்ணலாம், ஆனா எட்டு கம்பியையும் மாத்தி செட்டில் ஆக நேரம் பிடிக்கும், ரெண்டு பாட்டுக்கு நடுவுல நடக்கற காரியம் இல்ல.

கர்நாடக கச்சேரில இந்தப் பிரச்சினையே வேற மாதிரி தீருது. அங்க சுருதி ஒண்ணு, கச்சேரி முழுக்க அது தான், அதனால வயலின்காரங்க வாத்தியத்தையே அந்த சுருதிக்கு ஸ ப ஸ ப-ன்னு சேத்துடறாங்க, பாட்டு மாறறதே இல்ல. மேண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஜோடி கம்பிக்கு பதிலா ஒத்தைக் கம்பி போட்ட அஞ்சு ஸ்ட்ரிங் எலக்ட்ரிக் மேண்டலின் வாசிச்சார். நீங்க ஒரே சுருதில கர்நாடக இசை மட்டும் வாசிக்கறதா இருந்தா வாத்தியத்தை சுருதிக்கு சேக்கறது தான் சரி. ஆனா ஸ ப ஸ ப ட்யூனிங்ல நடு ஜோடிக்கு 5 ஃப்ரெட் தூரம் தான், மேல சொன்ன குறுக்கால தாண்டற வழி அங்க வேலை செய்யாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு கட்டை வர்ற இடத்துல ஜி டி ஏ ஈ-யை விட்டு நகராதீங்க.

பாட்டு நடுவுல கட்டை ஏத்தறது

கடைசி சரணத்தை அரை கட்டையோ ஒரு கட்டையோ ஏத்திப் பாடற வழக்கம் உண்டு. புது ஸ்கேலோட ப கார்டை ஒரு தாளம் முன்னாடி வாசிங்க, பாடறவங்க காது தானா மேல போயிடும். டி-லேர்ந்து ஈ ஃப்ளாட்டுக்கு ஏறணும்னா நடுவுல பி ஃப்ளாட் கார்ட். அப்புறம் மெலடியை ஒரு ஃப்ரெட் தள்ளணும். டி-யை ஓப்பன் ஸ்ட்ரிங்ல வாசிச்சுக்கிட்டு இருந்தா அந்த நேரத்துல கை தடுமாறும், அதனால ஏத்தப் போறோம்னு தெரிஞ்சா ஆரம்பத்துலேர்ந்தே ஜி ஸ்ட்ரிங் 7ஆம் ஃப்ரெட்ல ஸ வெச்சு மூடின ஷேப்ல வாசிச்சுக்கிட்டு வாங்க, ஏத்தும்போது முழு கையும் ஒரு ஃப்ரெட் நகர்ந்தா முடிஞ்சது.

பழகற வரிசை

நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு பாட்டை எடுங்க, பல்லவி மட்டும். முதல்ல ஜி, டி, ஏ, ஸ்ட்ரிங் தாண்டற வழில. அப்புறம் சி, எஃப். அது கைக்கு வந்ததும் நேரா 5½, 2½, 6½, 1½-க்கு போங்க, இந்த கறுப்புக் கட்டைகளை கடைசில பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, பாடறவங்க அதிகமா கேக்கறதுல இதெல்லாம் உண்டு. கடைசில 3, 4½, 7. தம்பூரா ஆப்ல அந்தந்த கட்டையை ஓட விட்டு அதுக்கு மேல வாசிங்க, ஒரு ஸ்வரம் தப்பா இருந்தாலும் உடனே காட்டிக் கொடுத்துடும். ஒரு பாட்டு இப்படி பன்னெண்டு கட்டையையும் சுத்தி வந்துட்டா ரெண்டாவது பாட்டுக்கு அதுல பாதி நேரம் கூட ஆகாது, அப்போ யாரையாவது ஒரு நம்பர் சொல்லச் சொல்லிட்டு, சொன்ன கட்டைல யோசிக்காம ஆரம்பிச்சு வாசிச்சுப் பாருங்க.